மாதவன் பழசை அழிச்சது

எனக்குப் பேத்தி பொறந்து அப்ப இருபத்தெட்டு நாளு. என் வெரலப் பிடிச்சான்னா விட மாட்டேங்குறா, ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது. முப்பதாம் நாளு பேரு வைக்கிறதுக்குப் பிளெக்ஸு அடிக்கணும்னு ரெட்டியபட்டியில இருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸேறி மாதவன் கடைக்குப் போனேன்.

சுத்துப்பட்டிக்கெல்லாம் மாதவன்தான் போட்டோ. எழவு வீட்டுக்கு வந்தா, அழுதுட்டுத்தான் கேமராவ எடுப்பாரு. பதினாலு வருசமா செத்தவுக மொகமெல்லாம் அவரு கம்ப்யூட்டருலதான் இருந்துச்சு. எங்க பக்கம் செத்தவுக படத்த மேல போடாம விசேஷ பிளெக்ஸு அடிக்க மாட்டோம். என் வீட்டுக்காரி ஜக்கம்மா போன வருசம் போயிட்டா. அவ சிரிச்ச படம் ஒண்ணே ஒண்ணு, மாதவன் எடுத்தது. ஆதாருல இருக்கிறது வெறும் கரிக்கட்டை.

"ஜக்கம்மாவ மேல பெருசாப் போடுங்க தம்பி."

மாதவன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "அண்ணே, சாப்ட்வேரு புதுசு போட்டேன். பழசும் இருந்ததால கம்ப்யூட்டரு படுத்துக்கிச்சு. பழச எடுத்தேன். இங்கிலீசுல என்னமோ கேட்டுச்சு, எப்பவும்போல எஸ்ஸு அமுக்கிட்டேன்."

"என்ன கேட்டுச்சு?"

"உள்ள இருக்கிறதையும் அழிக்கவான்னு. எல்லாப் படத்தையும் அதுக்குள்ளதான் வச்சிருந்தேன்."

"படிச்சவன்தானய்யா நீயி!"

"பத்தாவது பெயிலுண்ணே."

அருப்புக்கோட்டையில ரிப்பேரு பாக்குற ஹரிகிட்டக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டு ஓடுனோம். அவரு பாத்துட்டு வஞ்சாரு: "மொதல்ல படத்தையெல்லாம் வேற டிஸ்க்குல காப்பி போடணும். புதுசுல அதெல்லாம் தொறக்குதான்னு பாக்கணும். அப்பறந்தான் பழசத் தூக்கணும். அழிச்ச பெறகும் ஒரு வாரம் இதுலயே வேல பாத்திருக்கீங்க. பழைய படத்து மேலயே புது வேலையெல்லாம் பதிஞ்சிருச்சு."

சாயங்காலம் வரைக்கும் ஹரி தோண்டுனதுல ஜக்கம்மா படம் கொஞ்சம் வந்துச்சு. நெத்தி, குங்குமம், ஒரு புருவம். அதுக்குக் கீழ சாம்பக் கலரு.

"அவுக பேரு மட்டும் போடவாண்ணே?"ன்னாரு மாதவன்.

"அந்த நெத்தியப் போடு."

"பாக்குறவுக கேப்பாகண்ணே."

"கேக்கட்டும். நீ வந்து பதில் சொல்லு."

பேரு வைக்கிற அன்னைக்கு வந்தாரு. கேமரா இல்ல. பிளெக்ஸுக்குக் கீழ நின்னுக்கிட்டு, வந்தவுக ஒவ்வொருத்தருகிட்டயும், "உங்க வீட்டுப் படமும் போச்சு. நான்தான் அழிச்சேன்"னு சொன்னாரு. மகனப் பறிகொடுத்த தங்கமாரி அவரு சட்டையப் பிடிச்சு உலுக்குனா. மாதவன் கையக்கூடத் தூக்கல.

நான் போயி வெலக்கியிருக்கலாம். பேத்திய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன்.