ஜாய்ஸ் டீச்சரும் வெள்ளை கேனும்

ஜாய்ஸ் டீச்சரை எங்கள் பள்ளியில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று சொன்னால் எந்த டீச்சருக்கும் முகம் மலரும். இவருக்குச் சுருங்கும். "படிக்குதுங்க சரி, புரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். நல்ல நாளில் அபசகுனம் மாதிரி இதென்ன பேச்சு என்று எனக்கு எரிச்சல் வரும்.

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே, டவுன் பஸ் திரும்பிப் போகிற இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. நான் நான்காம் வகுப்பு டீச்சர், அவர் ஐந்தாம் வகுப்பு. தினமும் மதுராந்தகத்திலிருந்து வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளத்தை முதலில் பார்த்தவர் இவர்தான். கூடப் படித்தவர்கள் ஊரப்பாக்கம் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். இவர் அசையவில்லை. கேட்டால், "எங்கம்மாவும் சேத்துல நின்னவங்கதான். அந்தப் புள்ளைங்கள வுட்டுட்டு எங்க போறது?" என்பார்.

கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் அதைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஒரு நாள் ஜாய்ஸ் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "சரி, அது எங்க இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். "கோயில்ல மிஸ். கார்த்திகைக்கு ஏத்துவாங்க" என்று பதில் வந்தது. வகுப்பில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. ஜாய்ஸ் இதை என்னிடம் கவலையோடு சொன்னார். நான்தான் சிரித்தேன்.

அடுத்த மாதமே வேன் பிடித்துப் பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப்போய், அங்கிருக்கிற கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏற்றி, கடலில் தூரத்துப் படகுகளைக் காட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு உப்பளம், ரயில் சிக்னல், ஏரி மதகு என்று ஓயாத அலைச்சல். போகாத இடத்துக்குப் படமாவது கொண்டுவருவார். தெரியாத விஷயத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் மனசில் ஒன்றும் நிற்காது, தெரிந்ததை வைத்துத் தப்பாகத்தான் நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

தலைமை ஆசிரியர் ராமானுஜத்துக்கு இது வேப்பங்காயாகக் கசந்தது. ஒரு அறக்கட்டளை வருஷா வருஷம் வாசிப்புப் போட்டி நடத்தும். ஒரு நிமிடத்தில் யார் அதிகமாகத் தப்பில்லாமல் படிக்கிறார்களோ, அந்தப் பள்ளிக்குக் கேடயம். "ஓடிக்கினு இருந்த புள்ளைங்கள நிக்க வெச்சிட்டீங்களேம்மா! இப்ப ஒவ்வொரு வரிக்கும் நின்னு யோசிக்குதுங்க" என்று புலம்பினார். அதனால், போன வருஷம் கேடயம் வாங்கித் தந்த ஜாய்ஸ் வகுப்பு லோகேஸ்வரியை மட்டும் அவர் எங்கேயும் அனுப்பவில்லை. மற்றவர்கள் வேனில் ஏறும்போது அவள் அலுவலக அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

அவள் படிப்பதைக் கேட்க வேண்டும்! மூச்சு விடுவதே தெரியாது. அம்மா செங்கம்மாள் நடவு வேலைக்குப் போகிறவள், எழுதப் படிக்கத் தெரியாது. "எம்பொண்ணு படிச்சா ரேடியோ பொட்டி மாரி கீது டீச்சர்" என்று பூரித்துப்போவாள். அந்தத் தெருவில் ஒரு வழக்கம். எந்தக் காகிதம் வந்தாலும் லோகேஸ்வரியைத்தான் கூப்பிடுவார்கள். மாத்திரை அட்டை, கரண்டு ஆபீஸ் மெசேஜ், உர மூட்டை, எல்லாவற்றையும் அவள் நின்றபடியே படித்து முடிப்பாள். எங்கேயும் தடுக்காமல் படித்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பெரியவர்கள் தலையாட்டுவார்கள், கையில் முறுக்கு கொடுப்பார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஜாய்ஸ் அதைப் பார்த்தார். ஒரு கிழவர் பிரஷர் மாத்திரை அட்டையை நீட்ட, அவள் படித்துக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் என் கையைப் பிடித்தார்.

"இந்தப் பொண்ணு வாயால ஒரு நாளு யாருக்காவது இன்னாவோ ஆவப்போவுது டீச்சர்."

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?" என்று நான் கடித்தேன்.

நவரைப் பட்டத்து நெல் நடவு ஆரம்பித்திருந்தது. காலையில் காற்று திரும்பினால் பூச்சிமருந்து வாடை வகுப்புக்குள்ளேயே வரும். அன்று போட்டி நடத்துகிறவர்கள் வருகிற நாள். தலைமை ஆசிரியர் வாசலில் கோலம் போடச் சொல்லியிருந்தார். ஜாய்ஸோ, வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு அச்சடித்த காகிதம் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தடுப்புதான், இந்தப் பக்கம் என் வகுப்பு. எல்லாம் காதில் விழுந்தது.

லோகேஸ்வரி பூச்சிமருந்தோடு வந்த மடிப்புத் தாளைப் படித்தாள். கணீரென்ற குரல். "காலிக் கொள்கலனை மறுமுறை பயன்படுத்தக் கூடாது" என்று முடித்தாள்.

"அப்படின்னா?"

"மறுபடி அதுல மருந்து ஊத்தி வெக்கக் கூடாது மிஸ். கழுவிட்டு வேற எதுக்காவது வெச்சிக்கலாம்."

நான் கரும்பலகையை விட்டுத் தடுப்பருகே போனேன்.

"வேற எதுக்கு?" ஜாய்ஸின் குரல் மிக மெதுவாக வந்தது.

"தண்ணிக்கு மிஸ். நல்ல வெள்ளை கேனு, மூடி டைட்டா கீது. நேத்து நான்தான் படிச்சிச் சொன்னேன். அம்மா சபீனா போட்டுத் தேய்ச்சி, இன்னிக்கு நடவுக்கு எடுத்துக்கினு போச்சு."

எந்தப் பாத்திரமானாலும் தேய்த்துக் கழுவினால் சுத்தம். அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்தது அதுதான். பிளாஸ்டிக்குக்குள் விஷம் ஊறி நிற்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பாவி மக்கள், அவள் எவ்வளவு வேகமாகப் படிக்கிறாள் என்று பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

சேற்றில் இறங்குகிறவர்கள் போன் கொண்டுபோவதில்லை. ஜாய்ஸ் அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வாசலில் அறக்கட்டளைக் கார் வந்து நின்றது. "அந்தப் பொண்ண எங்க இட்டுக்கினு போறீங்க?" என்று தலைமை ஆசிரியர் கத்தினார். நாங்கள் திரும்பவில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் தப்பா படிச்சிட்டேனா மிஸ்? ஒரு எழுத்துகூட வுடலியே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் அந்த வெள்ளை கேன், ஈரத் துண்டு சுற்றி இருந்தது. தூக்கிப் பார்த்தேன். பாதி காலி. செங்கம்மாள் வரிசையில் இல்லை. பம்புசெட்டுச் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டை நனைந்துபோகிற அளவுக்கு வியர்வை, கடைவாயில் எச்சில்.

"வெயிலு தலைக்கேறிக்கிச்சு டீச்சர். கண்ணு மங்குது" என்று சிரிக்கப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்தவள் என்பதால் அவள்தான் முதலில் நிறையக் குடித்திருந்தாள். நாங்கள் கேனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, அதில் குடித்திருந்த இன்னும் இரண்டு பெண்கள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்ற இருவரும் சீக்கிரம் தேறிவிட்டார்கள். செங்கம்மாள் பிழைப்பாளா என்று பல நாள் யாரும் உறுதி சொல்லவில்லை. லோகேஸ்வரி அம்மாவின் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தாள். புத்தகத்தைத் தொடவில்லை.

இதற்குள் ஜாய்ஸும் நானும் தெருத்தெருவாகப் போனோம். குளியலறைச் சுவரில், சைக்கிள் ஹேண்டில்பாரில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளை கேன். ஒரு வீட்டில் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டினார்கள். "நல்லா கழுவிட்டேன் டீச்சர். மோந்து பாருங்க, வாசனையே இல்ல." பிடுங்கி உடைத்தோம். எத்தனை வீட்டில் உடைக்க முடியும்? ஜாய்ஸ் நடுத்தெருவில் நின்று அழுதார். அவருடைய பயத்தை அபசகுனம் என்று நினைத்தேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

செங்கம்மாள் உயிரோடு வீடு திரும்பும் நாள் வந்தது. நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, இதில் எழுதியிருக்கிறபடி மருந்து கொடுங்கள் என்றார். செங்கம்மாளின் அக்கா தெய்வநாயகி அதை வாங்கி, பழக்கதோஷத்தில் நேரே லோகேஸ்வரியிடம் நீட்டினாள். "படி லோகு."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் காது கொடுத்தார்கள். அவள் முதல் வரியைப் படித்தாள். அதே கணீர்க் குரல். இரண்டாம் வரியில் நின்றுவிட்டாள்.

செங்கம்மாள் பயந்துபோய்த் தலையைத் தூக்கினாள். "இன்னாடி ஆச்சு? படிப்பு மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. புரியல."

தாளை எடுத்துக்கொண்டு, நகர்ந்துவிட்ட நர்ஸின் பின்னால் ஓடினாள்.