உரும்பிராய்ப் பாடகி

உரும்பிராய் பரமலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. வாழையும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். இரண்டு மகன்மாரும் வெளிநாட்டில். வீட்டில் அவரும் மனைவி குணலட்சுமியும் மட்டும். தொண்டைமானாற்றுச் செல்வச்சன்னிதி முருகன் மேல் ஆறு பாட்டு எழுதி, தானே மெட்டும் போட்டு, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது பாடிக்கொண்டிருப்பார். பாட்டு நல்லது. குரல்தான் கரடு. "காகம் கலைக்கக் கல்லெடுக்கத் தேவையில்லை, இவர் வாயைத் திறந்தால் காணும்" என்பார் குணலட்சுமி.

1992ஆம் ஆண்டு ஆனி மாதம், மானிப்பாயில் கசெற் கடை வைத்திருந்த சண்முகநாதனிடம் அந்தப் பாட்டுக்களைப் பற்றிச் சொன்னார் பரமலிங்கம். சண்முகநாதன் தட்டிக்கழிக்கவில்லை.

"ஆவணியிலை சன்னிதித் திருவிழா வருது. அதுக்குப் புதுசாய் ஒரு கசெற் அடிக்கிற யோசினை இருக்கு. மாதிரிக்கு ஒரு பாட்டைப் பதிஞ்சு கொண்டு வாருங்கோ அண்ணை. கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

வீட்டில் ஒரு ரேப் ரெக்கோடர் இருந்தது. மூத்தவன் அனுப்பியது. ஆனால் சண்டையில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். பற்றரி கண்ணில் காணாத சாமான். எல்லா வீட்டிலும் போல இங்கும் சைக்கிள்தான் வழி. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தால், பின்சில்லில் உரசும் டைனமோ கொஞ்சம் மின்சாரம் தரும். அதில்தான் ஊர் முழுக்க றேடியோவில் செய்தி கேட்டது.

வீட்டுக்குள் பதிய முடியவில்லை. சேவல் கூவியது, மாடு கத்தியது, இடைக்கிடை ஹெலிகொப்டர் வேறு. கடைசியில் தோட்டத்து மூலையில் புகையிலைக்குப் புகை போடுகிற மண்குடிலைத் தெரிந்தெடுத்தார். தடித்த சுவர், யன்னல் கிடையாது, வெளிச்சத்தம் உள்ளே வராது. அந்தப் போகத்துப் புகையிலை போய்விட்டது. காரம் மட்டும் போகவில்லை. முதல் நாள் "முரு" என்று தொடங்கியவர் "கா" சொல்லுமுன் ஏழு தும்மல் தும்மினார். சைக்கிளில் இருந்த குணலட்சுமி ஒன்பது. மூன்று நாளும் தும்மலைத்தான் பதிந்தார்கள். நாலாம் நாள் இருவர் மூக்கும் மரத்துப்போய்விட்டது.

அன்றைக்குப் பாட்டு முழுதாகப் பதிந்தது. திரும்பப் போட்டுக் கேட்டால், குரல் ஊஞ்சலாடியது. ஓரிடத்தில் எருமை கத்துவது போல, அடுத்த அடியில் கோழிக்குஞ்சு போல.

"இஞ்சாருமப்பா, நீர் ஒரே சீராய் மிதிக்கேல்லை."

"சரணத்திலை முருகன் வள்ளியைத் தேடி ஓடுறார் எண்டு பாடினியள். நானும் சேர்ந்து ஓடினன்."

"பிறகு ஏன் நிண்டனீர்?"

"வள்ளியைக் காணேல்லை எண்டு அழுதியள். அழுகிற நேரத்திலை கால் ஓடுமே?"

பரமலிங்கம் தானே மிதித்துக்கொண்டு பாடிப் பார்த்தார். முருகனைக் கூப்பிடுகிறாரா அம்புலன்சைக் கூப்பிடுகிறாரா என்று தெரியாத அளவுக்கு மூச்சு வாங்கியது. பாட்டைக் கேட்கிற எவர் மிதித்தாலும் கால் பாட்டோடு போய்விடும் என்பதைக் குணலட்சுமிதான் கண்டுபிடித்தார்.

"பாட்டுக் கேளாத ஆள் வேணும்" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த வளவைப் பார்த்தார்.

அடுத்த வளவில் ஆழ்வாப்பிள்ளை இருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி, எஞ்சின் சத்தத்துக்கு இரண்டு காதையும் கொடுத்தவர். கூப்பிட்டதும் வந்து, சைக்கிளில் ஏறி, ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எவடத்துக்குப் போறம்?"

"ஒரிடமும் இல்லை அண்ணை!"

"ஆ?"

"சன்னிதிக்கு!"

"அப்ப சரி" என்று மண்சுவரை நேரே பார்த்தபடி மிதிக்கத் தொடங்கினார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முருகன் ஓடினாலும் அழுதாலும் அவர் வேகம் மாறவில்லை. பாட்டு முடிந்ததும் குணலட்சுமி முன்னால் போய், பஸ்ஸை மறிப்பதுபோலக் கை நீட்டினார். ஆழ்வாப்பிள்ளை நிறுத்தினார்.

அவரையே இன்னொருமுறை மிதிக்கவைத்துப் பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். குரல் ஆடவில்லை, அசையவில்லை. பரமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குணலட்சுமி கூடப் "பரவாயில்லை" என்றார்.

மறுநாள் காலை கசெற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மானிப்பாய்க்கு ஓடினார். கடையில் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. சண்முகநாதன் கசெற்றைப் போட்டார். பெட்டிக்குள்ளிருந்து இருபது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, தேன் மாதிரி, சன்னிதி முருகனைக் கூப்பிட்டாள்.

சண்முகநாதன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆர் அண்ணை இந்தப் பிள்ளை?"

பரமலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. நின்றபடியே யோசித்தபோது விஷயம் விளங்கியது. ஆழ்வாப்பிள்ளையின் மிதி சீரான மிதிதான், ஆனால் மெதுவானது. நாடா மெல்ல ஓடும்போது பதிந்த பாட்டு, கடை மெசினில் சரியான வேகத்துக்கு ஓடியபோது குரல் ஏறிவிட்டது. வீட்டில் கேட்டபோதும் ஆழ்வாப்பிள்ளையே மிதித்ததால் பிழை தெரியாமல் போயிற்று.

"அது நான்தான் தம்பி."

"பகிடி விடாதேங்கோ."

பரமலிங்கம் கடைக்குள் நின்றே இரண்டு வரி பாடிக் காட்டினார். கசெற் தெரிவுசெய்துகொண்டிருந்த ஒருவர் வெளியே போய்விட்டார். சண்முகநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"எனக்கு விளங்குது அண்ணை. பொம்பிளைப்பிள்ளை எண்டால் பேர் வெளியிலை தெரியிறது வீட்டுக்காரருக்கு விருப்பமில்லைத்தான். பேர் வேண்டாம். மற்ற அஞ்சு பாட்டையும் பிள்ளையைக் கொண்டே பதிஞ்சு தாங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னபோது குணலட்சுமி குசினி நிலத்தில் இருந்துவிட்டார். சிரித்துச் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐம்பத்திரண்டு வயசிலை பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டிட்டியள். நாள் பார்த்துத் தண்ணி வார்ப்பமோ?" என்றார். பரமலிங்கம் அன்று சாப்பிடவில்லை. ஆயுள் முழுக்க ஊர் தன் குரலைக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். கேட்கப்போகிறது, ஆனால் அது அவரில்லை. இருந்தாலும் அடுத்த நாள் ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டார். ஐந்து பாட்டும் பதிந்தாயிற்று. கசெற் மட்டையில் "பாடியவர்: உரும்பிராய்ச் செல்வி" என்று அடித்திருந்தது.

திருவிழாவில் அந்தக் கசெற்தான் எங்கும் பாடியது. திருவிழா முடிந்து ஒரு கிழமையில், தொண்டைமானாற்றிலிருந்து நமசிவாயம் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் கசெற் கடையில் விலாசம் கேட்டுக்கொண்டு, குடையும் வெற்றிலைச் சரையுமாக வீட்டில் வந்து இறங்கினார்.

"என்ரை மூத்தவன் கூட்டுறவுச் சங்கத்திலை வேலை. குடி, வெறி ஒண்டும் இல்லை. உங்கடை பிள்ளையின்ரை பாட்டைக் கேட்ட நாள் துடங்கி வேறை இடம் வேண்டாம் எண்டு நிக்கிறான். சாதகத்தைத் தாரும், பாப்பம்."

"ஐயா, எங்களுக்குப் பெட்டைப்பிள்ளை இல்லை. பாடினது நான்."

வாத்தியாரின் முகம் கறுத்தது.

"தொண்டைமானாறு தூரமெண்டால் நேரே சொல்லும். இப்பிடிக் கதையாதையும்."

வேறு வழியில்லாமல் பரமலிங்கம் அவரை மண்குடிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாத்தியார் வாசலிலேயே தும்மத் தொடங்கினார். ஆழ்வாப்பிள்ளை வந்து ஏறினார்.

"இண்டைக்கும் சன்னிதியோ?"

"ஓம் அண்ணை! ஓடுங்கோ!" என்று கத்திய குணலட்சுமி, வாத்தியாரைப் பெட்டிக்கு முன்னால் இருத்தினார். "ஐயா, ஏதாவது கதையுங்கோ."

"என்ரை பேர் நமசிவாயம்" என்றார் வாத்தியார் கடுப்போடு. "முப்பத்தஞ்சு வருஷம் கணிதம் படிப்பிச்சனான். என்னை ஒருத்தரும் ஏமாத்தேலாது."

பிறகு ஆழ்வாப்பிள்ளையை இறக்கிவிட்டுக் குணலட்சுமி ஏறி, வேகமாக மிதித்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டை, தன் பெயர் நமசிவாயம் என்றும் தன்னை ஒருத்தரும் ஏமாத்தேலாது என்றும் சொன்னாள்.

வாத்தியார் காதைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இன்னொருக்காப் போடும்" என்றார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் சிரித்தார். சிரிப்போடு தும்மலும் சேர்ந்து, ஆழ்வாப்பிள்ளை முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "இதை வீட்டிலை போட்டுக் காட்டினால், என்ரை மனுசி எனக்கே மாப்பிள்ளை தேடுவா" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மறித்துவிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது வாத்தியார் கேட்டார்.

"சன்னிதியிலை எங்கடை மடத்திலை வெள்ளிக்கிழமையிலை அன்னதானம். வந்து பாடுமன்."

"என்ரை குரலிலையோ?"

"வேறை ஆரின்ரை குரலிலை? பயப்படாதையும். சோறு வாற வரைக்கும் ஒருத்தரும் எழும்பிப் போகமாட்டினம்."

அடுத்த வெள்ளி, பரமலிங்கம் தன் கரட்டுக் குரலில் ஆறு பாட்டையும் பாடினார். வாழையிலைக்கு முன்னால் இருந்த நூறு பேரும் கேட்டார்கள். பாடி முடித்து வந்தபோது ஒரு கிழவி அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, இந்தப் பாட்டுக்களைக் கசெற்றிலை ஒரு பிள்ளை வடிவாய்ப் பாடியிருக்கு. அதைக் கேட்டுப் பழகும். உமக்கும் வரும்."

"ஓமம்மா, பழகிறன்" என்றார் பரமலிங்கம். பந்தியில் அவருக்கும் ஒரு இலை போட்டிருந்தார்கள். போய் அமர்ந்தார்.