வாழி பாடும் வரை

வில்லுப்பாட்டில் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கக் கூடாது. கால் மரத்துப் போகட்டும், தொண்டை காயட்டும், மூத்திரம் முட்டட்டும், கதையை முடித்து வாழி பாடுகிற வரைக்கும் அந்த இடம்தான். மேடையில் பட்டுச்சேலையும் வில்லைத் தட்டுகிற வீசுகோலுமாக என்னைப் பார்க்கிறவர்கள், ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். ராணிக்காவது நினைத்தபோது கொல்லைப்பக்கம் போய்வர முடியும்.

இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. எரிச்சலில்தான் சொல்கிறேன். துறைமுகத்து வாசலில் லாரி டிரைவர்களுக்கு ஹெல்மெட் கதை, சீட் பெல்ட் கதை எல்லாம் பாடியிருக்கிறோம். பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம், போட்டோ எடுக்கலாம், அதிகாரி வர நேரமானால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஹெல்மெட் கதை கேட்டு யாருக்கும் சாமி வராது. கோயில் கொடைத் திருவிழா அப்படி இல்லை. நான் வரத்துப் பாட்டு எடுத்தால் சாமியாடி மேல் சாமி இறங்கும். இறங்கின பிறகு பாட்டு நின்றுபோனால், மலையேற வழி தெரியாமல் சாமி அந்த ஆள் மேலேயே தங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நம்பிக்கை என்று எழுதினால் ஏதோ நான் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவள் போல இருக்கிறது. நானும் நம்புகிறவள்தான்.

உப்பளங்களைத் தாண்டி, நிலக்கரி லாரிகள் போகிற ரோட்டோரத்தில் ஒரு அம்மன் கோயில். அங்கே வருஷா வருஷம் நான்தான் பாடுகிறேன். கொடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெற்றிலை பாக்குத் தட்டு என் வீடு தேடி வரும். அதைக் கொண்டுவருவது சாமியாடி வீட்டு உரிமை. தட்டைக் கையில் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அப்புறம் காய்ச்சல் என்றோ சொந்தத்தில் கல்யாணம் என்றோ சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்தச் சாமியாடி அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகத் தூக்கி வைத்த மனுஷன், தரைக்கு வந்தால் சத்தமே இருக்காது. ரோட்டைக் கடக்கக்கூட யோசித்து நிற்பார். சாமி வந்துவிட்டால்தான் வேறு ஆள். குரல் கீச்சென்று ஏறிவிடும். ஊர்ப் பெரியவர்களை எல்லாம் "அடே" என்றுதான் கூப்பிடும்.

போன வருஷம் கொடைக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. கொடையன்று காலையில் கோயிலுக்குப் பக்கத்து அறையில் நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள். மதினி என்றுதான் நான் கூப்பிடுவேன். டாக்டர் வேகமாக நடக்கவே கூடாது என்றிருக்கிறார், ஊர்க்காரர்களோ அம்மனுக்கு வேண்டுமென்றால் அவள் வருவாள், வேண்டாமென்றால் வரமாட்டாள், நாம் என்ன சொல்ல என்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வரத்துப் பாட்டை மட்டும் விட்ருளா. நீ பாடலைன்னா அவுக இருந்த எடத்துல இருந்துருவாவ."

சரி மதினி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? குழுவில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். குடம் அடிக்கிற என் தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன். அம்மன் பிறப்புக் கதை முடிந்ததும் வசனத்தில் இறங்கி, கொஞ்ச நேரம் பேச்சாகவே இழுத்து, அடுத்த கட்டத்துக்குத் தாண்டிவிடலாம் என்று ஏற்பாடு. அவனும் தலையாட்டினான்.

மத்தியானம் உச்சிக்கொடை. தகரப் பந்தலில் வெயில் இறங்கி வெந்தது. லாரி போகிறபோதெல்லாம் கரித்தூள் வந்து வில்லின் மணிகளில் படிந்தது. எனக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாச்சி சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலும் மாத்திரை அட்டையுமாக மதினி. பாட்டு நல்லபடியாகத்தான் போயிற்று. பிறப்பு முடிந்தது. சொன்னபடியே வசனத்துக்கு வந்தேன். நடுவில் தொண்டையை நனைக்க ஒரு மடக்குச் சோடா குடித்தேன். அந்த ஒரு மடக்குதான்.

அந்த இடத்தில் எப்போதும் நான் சோடா குடிப்பேன். குடித்துவிட்டுத்தான் வரத்து எடுப்பேன். நான் குடிக்கிற நேரத்தில் தம்பி வரத்து அடியைக் குடத்தில் ஒரு சுற்று அடித்து வைப்பான். இத்தனை வருஷப் பழக்கம். தலை ஞாபகம் வைத்திருந்ததைக் கை ஞாபகம் வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக, அடித்தேவிட்டான். நான் சோடாவைக் கீழே வைப்பதற்குள் அண்ணாச்சியின் வலது கால் ஆட ஆரம்பித்தது. மேளக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாற்காலி பின்னால் சரிந்தது. வேப்பங்குழையோடு அவர் எழுந்துவிட்டார்.

பெண்கள் குலவையிட்டார்கள். மதினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்ன செய்ய? நிறுத்தினால் சாமி அவர் மேலேயே நின்றுவிடும். பாடினால் அவர் ஆடுவார். எழுந்து ஓடலாம் என்றால் வில்லை விட்டு எழக் கூடாது. சுற்றிலும் ஜனம், முன்னால் மைக், தலைக்கு மேல் தகரம். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு எனக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. தம்பியை அங்கேயே அறைய வேண்டும் போலவும் இருந்தது.

கதையை ஓட்டினேன். மூன்று அடி பாட வேண்டிய இடத்தில் ஒரு அடி. அம்மன் கல்யாணத்தை நாலு வரியில் முடித்தேன். எப்படியாவது வாழிக்குப் போய்விட்டால் சாமி மலையேறிவிடும், மனுஷன் உட்கார்ந்துவிடுவார். பக்தியெல்லாம் இல்லை, அவசரம்தான். பின்பாட்டுக்காரர்கள் என்னைப் பிடிக்க முடியாமல் தடுமாறினார்கள்.

அப்போது அண்ணாச்சி, மதினி பாட்டிலோடு பின்னாலேயே வர, ஆடிக்கொண்டே வந்து வில்லின் ஒரு முனையைப் பிடித்தார். மணிகள் அடங்கிவிட்டன. மேளம் மட்டும் முழங்கியது, பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மன் வாக்குச் சொல்லப் போகிறாள் என்று முன்வரிசையில் கை கூப்பினார்கள். அவர் உள்ளங்கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு என் காதருகே குனிந்தார். கீச்சுக் குரல் இல்லை. ரோட்டைக் கடக்கத் தயங்குகிற மனுஷனின் சொந்தக் குரல்.

"ஓட்டாதளா. மெதுவாப் பாடு. வீட்டுக்குப் போனா மறுபடியும் கட்டில்தான்."

வில்லை விட்டுவிட்டு ஆடப் போய்விட்டார். சாமி அவர் மேல் இருந்ததா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சாமியும் மனுஷனும் ஒரே உடம்பில் இருக்க முடியாது என்று யார் சொன்னது? அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமும் இல்லை. நான் மெதுவாகப் பாடினேன். விட்ட இடத்துக்கெல்லாம் திரும்பிப் போனேன். கல்யாணத்தை மறுபடி எடுத்து, பந்தல் போட்டு, மாலை மாற்றி, முழுசாகப் பாடினேன். அவர் சிரித்துக்கொண்டே ஆடினார். மதினியின் முகத்தை நான் பார்க்கவில்லை. வாழி பாடி முடித்தபோது அவர் தரையில் உட்கார்ந்தார். மதினி ஓடிவந்து அவர் நெஞ்சில் கையை வைத்து அப்படியே இருந்தாள். துடிப்பு இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு ஒரு புது மரியாதை வந்துவிட்டது. அம்மன் என் காதில் வாக்குச் சொன்னாளாம். மழை பற்றி என்றார்கள் சிலர், உப்பு விலை பற்றி என்றார்கள் சிலர். கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினேன். உண்மையைச் சொன்னால் அண்ணாச்சியை இனி ஆடவிட மாட்டார்கள்.

இந்த வருஷம் தட்டு வந்தது. எப்போதும் அண்ணாச்சிதான் கொண்டுவருவார். இந்தத் தடவை மதினி தனியாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். அன்றைக்கு உன் காதில் என்ன சொன்னது என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காக ஒரு வருஷமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் பயப்பட வேண்டாம், வீட்டுக்காரருக்குத் துணையாக நான் இருக்கிறேன் என்று அம்மன் சொன்னாள் மதினி என்றேன். அம்மன் பேரில் பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று எனக்கே திக்கென்றது.

மதினி தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"பொய் சொல்லாதளா. நான் அவுக முதுகுக்குப் பின்னால தானே நின்னேன். கட்டில்தான்னு அவுக சொன்னது எனக்கும் கேட்டுது. அந்தக் கட்டிலுக்குக் கீழ பாய விரிச்சுக் கெடக்கது யாருன்னு நெனச்ச? மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே கெடக்கேன். அவுகளுக்காவது வருசத்துல ஒரு நாளு ஒம்பாட்டு இருக்கு."

வேண்டாம் என்றால் நான் வாங்கவில்லை மதினி, இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். மதினி தட்டை என் பக்கம் நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். வேறு யாராவது வந்து பாடினால் அவருக்கு முடியாமல் போவது அவளுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், உடனே வாழிக்குப் போய்விடுவாய் என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் மதினி ரோட்டுக்கு ஓடினாள்.