கிருபாகரன் வாங்கிய மெத்தை

கிருபாகரன் முப்பது வருஷம் தீயணைப்பு வண்டியில் போனவர். 2005-ல் ஓய்வு பெற்று, கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான். கேஸை மூடினாளா என்று மனைவி ரெபேக்காளை வேவு பார்ப்பார். பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினால் வாளியோடு போய் நிற்பார். தெருவே அவரைப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. அவருக்கும் அலுப்புதான், ஆனால் கை கால் கேட்க வேண்டுமே.

அப்படிப்பட்டவரிடம்தான் மகள் கவியா போனில் அதைக் கேட்டாள். அவளுக்குச் சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை, கூடுவாஞ்சேரியில் குடித்தனம். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டும்.

"அப்பா, எனக்கு ஃபோம் மெத்தை வாணாம். தீப்பிடிக்காம இருக்க அதுல ஏதோ கெமிக்கல் சேக்கறாங்களாம். கொழந்தைக்கு ஆவாதுன்னு படிச்சேன். அது இல்லாத மெத்தையா வாங்கி வையி. இல்லன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்."

"தீப்புடிக்காம இருக்கத்தானம்மா போடறான்? நல்லதுதான?"

அவள் போனை வைத்துவிட்டாள். போன வருஷம் ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அதிலிருந்து அவளுக்கு எதைத் தொட்டாலும் பயம்.

மெத்தையில் பற்றிய நெருப்பு எப்படிப்பட்டது என்று கிருபாகரனுக்குத் தெரியும். மேலே அணைந்ததுபோல் இருக்கும், உள்ளே கனிந்துகொண்டே கிடக்கும். எத்தனையோ வீடுகளில் அதை இழுத்து வந்து தெருவில் போட்டிருக்கிறார். இப்போது சொந்த மகளே நன்றாகப் பற்றிக்கொள்கிற மெத்தையாகப் பார்த்து வாங்கு என்கிறாள். இருந்தாலும் ஒரே பெண். மறுநாளே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்.

வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியதில் முழங்கால் விட்டுப்போனது. முதல் கடைக்காரர், "அது இன்னா சார், மூட்டப்பூச்சி மருந்தா?" என்றார். அடுத்தவர், "போடாததுதான் எல்லாம். உனக்கு வேணும்னா போட்டுத் தரச் சொல்லட்டா?" என்றார். இருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று அடித்துச் சொல்லவும் ஆளில்லை. கடைசியில் துரை என்பவரின் பஞ்சுக் கடையில் போய் விழுந்தார்.

"இலவம் பஞ்சும் துணியும்தான் சார். வேற ஒண்ணும் கெடையாது. குந்திகினு பாத்துக்க."

அரை நாள் உட்கார்ந்து, பஞ்சு அடைத்து ஊசி போடும்வரை கண் எடுக்காமல் பார்த்தார். கிளம்பும்போது மனசு கேட்கவில்லை.

"இது பத்திக்குமா?"

"பஞ்சு சார்," என்றார் துரை.

நாலு நாள் வெயில் காட்டி எடுக்கச் சொல்லியிருந்தார் துரை. மாடியில் விரித்தார். பின்புறம் யாராவது ஓலை கொளுத்துவார்கள், பொறி பறந்து வரும் என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, வாளித் தண்ணீரோடு காவல் இருந்தார். காவல் இருப்பவனுக்கு பீடி வேண்டாமா? பிடித்தார். ஆனால் முறையாகப் பிடித்தார். சாம்பலும் துண்டும் நேராகத் தண்ணீருக்குள் போயின. மெத்தைமேல் ஒரு பொறி விழவில்லை.

கவியா சனிக்கிழமை டாக்ஸியில் வந்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் கிருபாகரனுக்கு அலைந்த அலைச்சலெல்லாம் மறந்துபோனது. அவள் ஒருக்களித்துப் படுத்து முகத்தைப் பதித்தாள். உடனே எழுந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். குமட்டி ஓய்ந்ததும் சுவரைப் பிடித்தபடி சொன்னாள்.

"பீடி நாத்தம்பா."

கிருபாகரன் குனிந்து மெத்தையை முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்தி முகர்ந்தார். வேலையில் குடித்த புகையும் வீட்டில் குடித்த புகையும் சேர்ந்து அவர் மூக்கை எப்போதோ தின்றுவிட்டிருந்தன. எந்தச் சாக்கடையிலும் இறங்குவேன் என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தவர்.

"ஒரு பொறிகூட உழலம்மா. தண்ணி வெச்சிகினுதான் குடிச்சேன்."

"தெரியும்பா. உன்மேல கோவம் இல்ல." அவள் மூச்சு வாங்கினாள். "மெத்தை மட்டும் இல்ல. வூடே அப்பிடித்தான் கீது. முன்னாடி எனக்குத் தெரியல. இப்ப தாங்க முடியல. நான் போறேன்பா. அம்மா என்கூட வந்து இருக்கட்டும்."

உள்ளே ரெபேக்காள் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கிருபாகரன் வாசற்படியில் நின்றார்.

"வூடு மொத்தமுமா?"

"ஆமா."

"ஏன் சொல்லல நீ?"

"சொன்னனே, கண்ணாலம் ஆன புதுசுல. அப்பறம் வுட்டுட்டேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பார்.

டாக்ஸி போனபின் கிருபாகரன் எல்லா ஜன்னலையும் திறந்தார். மெத்தை உறையைக் கழற்றி ஊறவைத்தார். திரைச்சீலைகளை இறக்கினார், தரையைக் கழுவினார், சுவரைக்கூட ஈரத்துணியால் துடைத்தார். இடுப்பு ஒடிய வேலை செய்து முடித்து, கூடத்தின் நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். வாசனை போய்விட்டதா இல்லையா என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.