வேதத்தில் இல்லாத ஒரு வார்த்தை

வேதம் தேவன் அருளியது, அதில் ஒரு புள்ளிகூட அழியாது என்று நம்புகிறவன் நான். அதில் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த விஷயத்தில் நான் சரியான முசுடு என்று என் மனைவி சொல்வாள். இருந்துவிட்டுப் போகிறேன்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில், எங்கள் வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டு டிவி சீரியல் எங்களுக்குக் கேட்கும், எங்கள் ஜெபம் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அந்தி ஜெபத்துக்கு என் மனைவி பைபிளைத் திறந்தால் அங்கே டிவி சத்தம் குறைந்துவிடும்.

கொழுந்து பறித்துவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு, சத்தமாக வாசிப்பாள். மலைகளைப் பார்த்து ஒத்தாசை தேடும் சங்கீதம்தான் அவளுக்குப் பிடித்தது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர் என்று வரும் இடத்தில், "எங்க மலையையும்" என்று தானாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள். அடைமழை பிடித்தால் லயத்துக்குப் பின்னால் உள்ள மலை சரிந்துவிடுமோ என்று எங்களில் யாருக்குமே தூக்கம் வராது.

"அப்புடி எழுதியிருக்கா?" என்பேன்.

"பூமியிலதானே நம்ம மலையும் இருக்கு. அவருக்குக் கோவம் வராதுங்க, ஒங்களுக்குத்தான் வருது" என்று சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் மலை அப்படியே நின்றது. காய்ச்சலில் அவள்தான் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் வாசிக்கிறேன். அவளுடைய பைபிள்தான், ஓரமெல்லாம் அவள் விரலின் கொழுந்துக் கறை. வசனம் ஒன்றும் குறையவில்லை. இது கிழிந்தால் டவுனில் இன்னொன்று வாங்கலாம், போனில்கூடக் கிடைக்கிறது. அவள் சேர்த்த வார்த்தை மட்டும் எதிலும் அச்சாகவில்லை. அதை இன்னும் ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று மனசு கிடந்து தவிக்கும். நானே சொல்லிப் பார்க்கலாம்தான். வேதமாயிற்றே, வாய் வரவில்லை.

ஒருநாள் அந்தச் சங்கீதத்தை வாசித்து முடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒன்ன விட்டுட்டீங்களே."

"என்னம்மா விட்டேன்? எழுதினபடிதானே வாசிச்சேன்."

"எங்க மலையையும்னு மதினி சொல்லுவாங்களே, அத விட்டுட்டீங்கண்ணே. மழ நேரத்துல அதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

அது வேதத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை என்னிடம் மட்டும்தான் மிச்சமிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இப்போதும் எழுதியபடிதான் வாசிக்கிறேன். அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துவேன். "எங்க மலையையும்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். பிறகுதான் அடுத்த வசனத்துக்குப் போவேன். வேதத்தில் நான் எதையும் கூட்டவில்லை.