ஓநாய்க்குக் கலியாணம்

எங்கள் கைபேசிக் குழுவில் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, மூன்று பேருக்குச் சீனி வருத்தம், எல்லோருக்கும் பேய்ப்படப் பைத்தியம். பழைய ஓநாய்ப் படம் ஒன்றைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று போன மாதம் செய்தி வந்தது. அன்றிலிருந்து குழுவில் சண்டை. ஒருவர் புதியதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். இன்னொருவர் பார்க்கவே மாட்டேன் என்று நிற்கிறார், பார்க்காமலே நாலு குறையும் சொல்கிறார். நான் நடுவில். அதாவது பார்ப்பேன், பிறகு திட்டுவேன்.

பார்த்தேன். மகள் வீட்டில், ஏசி போட்ட அறையில், சுவரகலத் திரையில். பொய் சொல்லக் கூடாது, நல்ல படம். மனிதன் ஓநாயாக மாறும் இடத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக முளைக்கிறது. பழையதில் எல்லாம் பசை போட்டு ஒட்டிய மயிர்தான். ஒரு காட்சியில் கன்னத்தில் இருப்பது அடுத்த காட்சியில் நாடிக்கு இறங்கியிருக்கும். ஆனாலும் அந்தப் பழையவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இவனைப் பார்த்தால் பயம் மட்டும்தான். அசலில் ஒரு மயிரைக்கூட மாற்றக் கூடாது என்று குழுவில் நீளமாக எழுதினேன். எழுதி முடித்த பிறகும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி மூக்குத் தேடிக்கொண்டே இருந்தது. அது மண்ணெண்ணெய்ப் புகை என்று பிடிபட இரண்டு நாள் எடுத்தது.

பழையதை நான் அந்தக் காலத்தில் பார்த்ததெல்லாம் ஜெனரேட்டர் போட்டுத்தான். பெற்றோலில் கயிறிழுத்துக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த வேலை என்னுடையது. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு புத்தளம் டவுனில் ஒரு வீடியோக் கடையில் சேர்ந்திருந்தேன். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் தியேட்டருக்குப் பூட்டு, கடைக்கும் பூட்டு. ஆனால் கற்பிட்டிப் பக்கத்து ஊர்களில் அன்றைக்குத்தான் ஆட்கள் சும்மா இருப்பார்கள். நிலவு வெளிச்சத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும் என்று பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். ஆகவே டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு மாம்புரிக்கோ கண்டக்குழிக்கோ போவோம். மதியம் ளுஹர் தொழுகை முடிந்ததும் யாராவது ஒரு வீட்டு ஹாலில், ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, படம் ஓடும். ஆண்கள் பாயில். பெண்கள் உள்ளறையில், திரைச்சீலைக்குப் பின்னால். டிவி ஆண்களைப் பார்த்து இருக்கும். பெண்களுக்குக் கிடைப்பது சத்தம் மட்டும்.

அந்தச் சத்தம்தான் நிஸ்தார். என்னோடு கடையில் வேலை செய்தவன். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து குடும்பத்தோடு எழும்பி வந்து, ஒரு அகதி முகாமில் தென்னங்கிடுகுக் கொட்டிலில் இருந்தான். அவனுக்கு இங்கிலீஷ் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. டிவிக்குப் பக்கத்தில் நின்று, படம் ஓட ஓடத் தமிழில் கதை சொல்வான். கிழவனுக்கு ஒரு குரல், குமரிக்கு ஒரு குரல், நாய்க்கும் ஒரு குரல்.

ஓநாய்ப் படத்தை முதலில் மாம்புரியில் போட்டோம். கதை சின்னது. வெளியூர் போன ஒருவன் கடிபட்டு ஊருக்குத் திரும்பி வருகிறான். மில்காரன் மகளை விரும்புகிறான். பௌர்ணமியில் ஓநாயாகிறான். மில்காரன் அவனை வெள்ளிக் குண்டால் சுடுகிறான். கடைசியில் பிரேதப் பெட்டி, குழி, அழுகை. மாம்புரியில் நிஸ்தார் உள்ளதை உள்ளபடிதான் சொன்னான். ஓநாய் என்றால் என்ன என்று கேட்டார்கள். “நரிதான், ஆனா வெள்ளைக்காரன்ட நரி, கொஞ்சம் பெரிசு” என்றான். பௌர்ணமியைப் பதினாலாம் பிறை என்று சொன்னான். உடனே ஒரு பெரியவர் எழும்பிவிட்டார். “பதிமூணு, பதினாலு, பதினஞ்சு சுன்னத்து நோன்பு பிடிக்கிற நாளெல்லோ? இவன் ஒழுங்கா நோன்பைப் பிடிச்சிருந்தா இந்த வேல வருமா?” நிஸ்தார் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

கண்டக்குழியில் எங்களுக்கு எப்போதும் இடம் தருபவர் காதர் சம்மாட்டி. மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர், சத்தமாகக் கதைப்பவர். அவருடைய வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருந்தது. எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு, தனியாக, கொஞ்சம் பிந்தி வரும். அது சம்மாட்டியின் மகள் ஹாஜராவின் சிரிப்பு. நிஸ்தார் அந்தச் சிரிப்புக்காகவே பகிடிகளைச் சேர்க்கத் தொடங்கினான். கிணற்றடியில் இரண்டு தரம் முகத்தையும் கண்டுவிட்டான். பிறகு என் உம்மாவைப் பிடித்து, பெண் கேட்கச் சொன்னான்.

உம்மா போய்வந்து சம்மாட்டியின் பதிலை அப்படியே சொன்னா. “பொடியன் நல்ல பொடியன்தான். ஆனா ஊர் எது, வீடு எது? நாளைக்கு மன்னாருக்குத் திரும்பிப் போறண்டு அவன் வெளிக்கிட்டா என்ட புள்ளயும் பின்னால போகணுமே. பாப்பம்.” பாப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். நிஸ்தார் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அடுத்த போயாவுக்கு ஓநாய்ப் படத்தைக் கண்டக்குழிக்குக் கொண்டுபோனோம். வேனில் போகும்போது நிஸ்தார் சொன்னான்.

“மச்சான், அவனைச் சுட்டு விழுத்தினதும் நிப்பாட்டிப் போடு. மய்யித்துப் பொட்டி வரப்படாது.”

“நான் படத்த வெட்டமாட்டன்.”

“உன்ன ஆரு வெட்டச் சொன்ன? பட்டன அமத்து.”

படம் ஓடியது. மில்காரன் முகம் சிவந்து கத்துகிற இடம் வந்தது. நிஸ்தார் பழமாய்க் கனிந்த ஒரு குரலில், “மகனே, நீ எந்த ஊரா இருந்தா என்ன, என்ட மகள் உனக்குத்தான்” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மில்காரன் துவக்கைத் தூக்கினான். “மருமகனுக்குப் பின்னால இன்னொரு ஓநாய் வருது, அதைச் சுடப் போறார்” என்றான். வெடித்தது. கதாநாயகன் விழுந்தான். “ஓநாய் முடிஞ்சுது. மாப்பிள்ள பயத்துல மயங்கிட்டான், வேற ஒண்டுமில்ல.” நான் பட்டனை அமத்தினேன். அசல், அசல் என்று இன்றைக்கு அடித்துக்கொள்கிற நான், என் விரலாலேயே செய்த காரியம் இது.

சம்மாட்டி தாடியைத் தடவினார். “தம்பி, அந்த மனிசன்ட மூஞ்சியப் பாத்தா சம்மதிச்ச மூஞ்சி மாதிரித் தெரியலியே.”

“வெள்ளைக்காரன் சம்மதிக்கிறதே அப்பிடித்தான் ஹாஜியார்” என்றான் நிஸ்தார்.

பாயில் இருந்தவர்கள் தரையில் அடித்துச் சிரித்தார்கள். சம்மாட்டி சிரிக்கவில்லை. அடுத்த போயாவுக்கும் அதே படத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஒரு மாதத்தை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கூப்பிட்டு அவமானப்படுத்தப் போகிறார் என்று நான் சொன்னேன். போகாமல் விட்டால் அதைவிட அவமானம் என்றான் அவன். போனோம். சம்மாட்டி தன் கதிரையைத் தூக்கிவந்து டெக்குக்குப் பக்கத்தில், என் முழங்கையில் முட்டுகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். “இண்டைக்கு நிப்பாட்டாம ஓட விடு.”

நிஸ்தாருக்கு அது கேட்டது. அன்றைக்கு அவன் சொன்ன கதையில் நாய்க்கும் குமரிக்கும் ஒரே குரல். வெடி வெடித்தது, கதாநாயகன் விழுந்தான், “மயங்கிட்டான்” என்றான். என் விரல் பட்டனுக்கு மேலே நின்றது. சம்மாட்டி என் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

பெட்டி வந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட சனம் வரிசையாக வந்தது. நிஸ்தாரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து யாரோ, “என்ன நடக்குது? ஏன் சொல்றாரில்ல?” என்று கேட்டார்கள்.

சம்மாட்டி தொண்டையைக் கனைத்தார். உள்ளறையைப் பார்த்து, வள்ளத்திலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். “கலியாணம் நடக்குது புள்ளயள். ஊரே வந்திருக்கு. எல்லாருக்கும் கறுப்பு உடுப்பு, அது அவங்கட வழக்கம். பொட்டியொண்டத் தூக்கிட்டு வாறாங்க. சீதனமா இருக்கும்.”

முன்வரிசையில் ஒருவர், “சம்மாட்டி, பொட்டியக் குழிக்குள்ளயெல்லோ இறக்குறாங்க” என்றார்.

“கள்ளருக்குப் பயந்து புதைக்கிறாங்க. நீ பொத்திட்டுப் பாரு.”

மில்காரன் மகள் குழிக்கரையில் நின்று தேம்பினாள். சம்மாட்டியின் குரல் இறங்கியிருந்தது. “பொண்ணு அழுவுது. வாப்பாவ விட்டுட்டுப் போகணுமே, அழத்தானே செய்யும்.” பிறகு நிஸ்தாரைத் திரும்பிப் பார்த்து, “போனாப் போகட்டும்” என்றார்.

நிஸ்தார் டிவிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டான். அவன் அழுததை நான் பார்த்தேன். வெயிலும் மழையும் சேர்ந்தால்தான் நரிக்குக் கலியாணம் என்பார்கள், இங்கே வெறும் வெயிலிலேயே நடந்து போச்சே என்று முன்வரிசைக்காரர் சொல்ல, ஹால் முழுக்கச் சிரித்தது. உள்ளறையில் அந்தச் சிரிப்பும் கொஞ்சம் பிந்தி வந்தது. இரண்டு மாதத்தில் நிக்காஹ். நிஸ்தார் மன்னாருக்குத் திரும்பிப் போகவில்லை. சம்மாட்டி வளவிலேயே வீடு கட்டி, மூன்று பிள்ளை பெற்று, மாமனாரின் வள்ளங்களையும் பார்த்துக்கொண்டான்.

அந்தப் படத்தின் உண்மையான முடிவை அவன் ஹாஜராவுக்குச் சொல்லவே இல்லை. ஏன் என்று ஒரு தரம் கேட்டேன். “சொன்னா, பிறகு நான் சொல்ற எதை மச்சான் அவ நம்புவா?” என்றான். நாலு வருசத்துக்கு முன் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டான். சம்மாட்டி அதற்கும் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தார்.

போன கிழமை கண்டக்குழிக்குப் போயிருந்தேன். ஹாஜராவின் மூத்த மகன் புதிய படத்தைத் தமிழ் எழுத்தோடு டிவியில் போட்டுக் காட்டியிருக்கிறான். முதன்முதலாக அவ அந்தக் கதையைக் கண்ணால் பார்த்திருக்கிறா. பிளேன்டி ஊற்றித் தந்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தா.

“நானா, இதுல பொண்ணுட வாப்பா கடைசி வரைக்கும் ஓம் சொல்லல்ல. பொடியனச் சுட்டுக் கொன்னுபோட்டாங்க. பழைய படத்துல கலியாணம் நடந்ததுதானே?”

பழையதற்காக எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். புதிய படம் எடுத்தவர்கள் அந்த முடிவை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்திருந்தார்கள். பாவம், அந்த ஒரு விசயத்தில் அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

“ஓம் தங்கச்சி” என்றேன். “நடந்ததுதான். இவனுகள் மாத்திக் கெடுத்துப் போட்டானுகள்.”

“நானும் மகனுக்கு அதைத்தான் சொன்ன” என்றா ஹாஜரா.

அந்த வீடியோக் கடை இப்போது கைபேசி திருத்தும் இடம். டேப்புகளில் பூஞ்சணம் பிடித்து, எங்கள் முதலாளி எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார். படம் போனால் பரவாயில்லை, கழுவித் துடைத்த பிரதி இணையத்தில் கிடக்கிறது, மில்காரன் அதே சிவந்த முகத்தோடு கத்துகிறான். அவனுக்கு நிஸ்தார் கொடுத்த குரல்தான் இல்லை. “கலியாணம் நடக்குது புள்ளயள்” என்ற குரலும் இல்லை. சம்மாட்டி சவூதியிலிருந்து கொண்டுவந்த ரேடியோ கேசட் ஒன்று அந்த ஹாலிலேயே, அலுமாரிக்கு மேலே இருந்தது. பதிவு செய்கிற சிவப்புப் பட்டனும் அதில் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அதை அமத்தத் தோன்றவில்லை.