ஸ்டெல்லா கேட்ட இரண்டாவது கிண்ணம்

மருமகள் ஸ்டெல்லா வயிற்றில் ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் கோரிமேடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாள். குழைவாகத்தான் சாப்பிட வேண்டுமாம்.

அவள் வாங்கிய, கரண்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் விடியற்காலையிலேயே கஞ்சிக்கு ஓட்ஸும் பாலும் போட்டேன். தீயில்லாமல் வேகுமா என்று நம்பாமல் நான்கு தரம் மூடியைத் திறந்து பார்த்ததில் ஒன்பது மணி ஆகிவிட்டது.

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் என் கஞ்சியைப் பார்த்து, "இத வச்சி போஸ்டர் ஒட்டலாம்" என்று என் தங்கச்சி எதிரிலேயே சிரித்தவள் இவள். பதினாறு வருஷமாகப் பதில் வைத்திருக்கிறேன்.

இன்று கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடுங்க அத்த" என்றாள்.

"ஏன், போஸ்டர் ஒட்டப் போறியா?" என்று கேட்க வேண்டிய இடம். நீட்டிய கையில் ஊசி குத்திய நீலம். கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. ஊற்றினேன்.

பதில் அப்படியே புதுசாக இருக்கிறது. மருமகள் உள்ளவர்கள் யாருக்காவது வேண்டுமா?